நிலாவுக்குச் செக்குபந்தி

நான் நிலாவுக்குப் பத்திரம் எழுதியவன். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஃபீஸ் வாங்கிக்கொண்டு, என் சொந்த லெட்டர்ஹெட்டில், கையெழுத்தும் சீலும் போட்டு எழுதினேன் என்று சேர்த்துச் சொன்னால் சிரிப்பு நின்றுவிடுகிறது. ஏற இறங்கப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான்.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் முப்பது வருடமாக வக்கீல் தொழில் செய்கிறேன். கறுப்புக் கோட்டை உதறிக்கொண்டு வாதாடுகிற வக்கீல் இல்லை. வீட்டு முன்னறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஒரு பிரிண்டர். சைட் என்று இங்கே சொல்கிற வீட்டு மனை வாங்கப் போகிறவர்கள் பை நிறைய காகிதத்தோடு வருவார்கள். மூலப்பத்திரம் சரியாக இருக்கிறதா, வில்லங்கம் உண்டா, கூடப்பிறந்தவர்கள் யாராவது கையெழுத்துப் போடாமல் நழுவியிருக்கிறார்களா என்று பார்த்து, தாராளமாக வாங்கலாம் என்றோ, ஆளை விடுங்கள் என்று ஓடிவிடுங்கள் என்றோ எழுதிக் கொடுப்பேன். இந்த ஊரில் ஏரியைத் தூர்த்து லேஅவுட் போட்டு விற்றிருக்கிறார்கள். மழைநீர் ஓடுகிற ராஜகால்வாய் மேல் வீடு கட்டி விற்றிருக்கிறார்கள். ஒரே சைட்டை மூன்று பேருக்கு விற்றுவிட்டு, மூன்று கிரகப்பிரவேசத்துக்கும் போய் இலை போட்டுச் சாப்பிட்டு வந்த ஆளை எனக்கு நேரிலேயே தெரியும். அதனால் நிலம் என்று யார் எதைக் காட்டினாலும் எனக்கு ஆச்சரியம் வராது என்று நினைத்திருந்தேன்.

என் வீட்டை ஒட்டி ஒரு பழைய ஓட்டு வீடு இருந்தது. அதை வாங்கி இடித்துவிட்டு ஐந்து மாடி அபார்ட்மெண்ட் கட்டினார் ஒரு குவாரிக்காரர். அத்திபெலேயைத் தாண்டி எங்கோ அவருக்குக் கல் குவாரியும் கிரஷரும் இருந்தன. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார், வெள்ளைச் செருப்பு. அவருடைய ஒரே மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, ஹென்னூர் ரோட்டில் கண்ணாடி போட்ட ஒரு கட்டடத்தில் விண்வெளிக் கம்பெனி தொடங்கியிருந்தான். அப்பா கீழே தோண்டி முடித்துவிட்டார், பிள்ளை மேலே தோண்டப் போகிறான், அவ்வளவுதான் வித்தியாசம் என்று முதல் நாளே என் மனைவி சொன்னாள். அவளுக்கு எதையும் சீக்கிரம் புரிந்துகொள்ளும் கெட்ட பழக்கம் உண்டு.

பிள்ளையாண்டான் ஒருநாள் காம்பவுண்ட் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேசினான்.

"அங்கிள், நீங்க ப்ராப்பர்ட்டி லாயர்தானே? எங்க கம்பெனிக்கு ஒரு டைட்டில் ஒபினியன் வேணும்."

"தாராளமா. எந்த ஏரியாப்பா?"

"மூன். சவுத் போல்."

இந்த ஊரில் லேஅவுட்டுக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைப்பார்கள். "ஹோஸ்கோட்டே பக்கமா?" என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. கட்டைவிரலால் வானத்தைக் காட்டினான்.

நிலாவின் தென்துருவத்தில் வெயிலே படாத பள்ளங்கள் இருக்கின்றனவாம். அவற்றில் பனிக்கட்டி கிடக்கிறதாம். அதைத் தோண்டி எடுத்துத் தண்ணீராக்கினால் அங்கே வருகிறவர்கள் குடிக்கலாம், பிரித்தால் ராக்கெட்டுக்கு எரிபொருள். கம்பெனியிடம் ராக்கெட் இல்லை. நிலாவுக்குப் போகிற தேதியும் இல்லை. துளை போடுகிற ஒரு இயந்திரம் மட்டும் இருந்தது. அதையும் அப்பாவின் குவாரியில் வைத்துத்தான் சோதித்தார்கள். ஆனால் பணம் போடத் தயாராகச் சில பேர் இருந்தார்கள். எல்லோரும் அப்பாவின் சிநேகிதர்கள். லேஅவுட் போடுகிறவர்கள், கிரானைட் ஏற்றுமதி செய்கிறவர்கள், இரண்டு கல்யாண மண்டபக்காரர்கள். அவர்களுக்கு சர்வதேச ஒப்பந்தம், ஐநா என்றெல்லாம் சொன்னால் கொட்டாவி வரும். வக்கீல் எழுதின டைட்டில் ஒபினியன் எங்கே, நாலு எல்லையும் சொல்கிற செக்குபந்தி எங்கே என்று கேட்பார்கள். மூன்று தலைமுறையாக அந்த ஒரு காகிதத்தை மட்டும் நம்பி வளர்ந்தவர்கள். அதனால்தான் என்னிடம் வந்தான். என் அறிவுக்காக வரவில்லை.

எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. விண்வெளிச் சட்டம் என்றதும் தலைகால் புரியாமல் போய்விட்டது. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நிற்கும்போது இரண்டு மூன்று பேரிடம் வேண்டுமென்றே சொன்னேன். அறுபதை நெருங்குகிற மனிதன், காதோரம் நரைத்தவன், "ஸ்பேஸ்ல கொஞ்சம் வேலை இருக்கு" என்று பந்தாவாகச் சொல்லிக்கொண்டு நின்ற காட்சியை இப்போது நினைத்தால் கூசுகிறது.

படித்தேன். அதில் குறை வைக்கவில்லை. அறுபதுகளில் உலக நாடுகள் சேர்ந்து எழுதிய ஒப்பந்தம்தான் எல்லாவற்றுக்கும் தாய்ப்பத்திரம். விண்வெளியையோ நிலாவையோ எந்த நாடும் தனது என்று சொல்லிக்கொள்ள முடியாது. கொடி நட்டாலும் முடியாது, குடியிருந்தாலும் முடியாது, பயன்படுத்தினாலும் முடியாது, வேறு எப்படியும் முடியாது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்தது. இவ்வளவு சுத்தமான வாக்கியத்தை என் தொழிலில் நான் பார்த்ததில்லை.

பிறகு வந்தவர்கள் அதில் எப்படி ஓட்டை போட்டார்கள் என்று படித்தபோது, அடடா, நம்ம ஆட்கள்தான் என்று தோன்றியது. நிலத்தைத்தானே சொந்தமாக்கக் கூடாது? அதிலிருந்து எடுத்ததை ஆக்கிக்கொள்ளலாமே? கடல் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் பிடித்த மீன் பிடித்தவனுக்குத்தானே? அமெரிக்கா இப்படிச் சொல்லி ஒரு சட்டம் போட்டது. பின்னாலேயே ஐரோப்பாவில் ஒரு குட்டி நாடு போட்டது. அப்புறம் வரிசைதான். மீன் முட்டை போடும், திரும்ப வரும். கோடிக்கணக்கான வருடமாக இருட்டுப் பள்ளத்தில் கிடக்கிற பனிக்கட்டி எங்கே போய் முட்டை போடும்? இந்தக் கேள்வி எனக்கு வந்தது. நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கூட வைத்தேன். ஒபினியனில் எழுதவில்லை.

நிலாவின் வளம் மனிதகுலத்துக்கே பொதுச்சொத்து, அதை எடுப்பதற்கும் பங்கிடுவதற்கும் ஒரு ஏற்பாடு வேண்டும் என்று இன்னொரு ஒப்பந்தமும் இருக்கிறது. நம் நாடு அதில் கையெழுத்துப் போட்டது, உறுதி செய்யவில்லை. நிச்சயதார்த்தம் ஆகி நாற்பது வருடத்துக்கு மேலாகிறது, கல்யாணப் பேச்சையே காணோம். நடுவில் அமெரிக்கா சேர்த்த கோஷ்டியின் உடன்படிக்கையிலும் கையெழுத்துப் போட்டாயிற்று. அதில் 'பாதுகாப்பு வட்டம்' என்று ஒன்று வருகிறது. நான் தோண்டுகிற இடத்தைச் சுற்றி ஒரு வட்டம். இடம் எனக்குச் சொந்தமில்லை, சத்தியமாக இல்லை, ஆனால் நீ உள்ளே வருவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா. எங்கள் தெருவில் இதற்குக் காம்பவுண்ட் சுவர் என்று பெயர். இங்கே உடைந்த கண்ணாடியைப் பதித்து வைப்பார்கள். அங்கே கனவான்கள், அதனால் வாக்கியத்தைப் பதித்து வைத்திருக்கிறார்கள்.

எல்லாம் படித்து முடித்துச் செக்குபந்தி எழுத உட்கார்ந்தேன். எந்தப் பத்திரமானாலும் கடைசியில் நாலு எல்லை வர வேண்டும். கிழக்கே இன்னார் வீடு, மேற்கே ரோடு, தெற்கே இன்னார் காலி மனை. பையன் கொடுத்த வரைபடத்தில் தென்துருவப் புள்ளி அவர்கள் வட்டத்துக்குச் சரியாக நடுவில் இருந்தது. 'தெற்கே' என்று டைப் செய்துவிட்டு விழித்தேன். துருவத்துக்குத் தெற்கே ஒன்றும் கிடையாது. கிழக்கும் மேற்கும் கிடையாது. எந்தப் பக்கம் காலை எடுத்து வைத்தாலும் வடக்கு. முப்பது வருட அனுபவத்தில் நாலு பக்கமும் வடக்காக இருக்கிற சொத்தை நான் பார்த்ததில்லை.

கம்பெனிக் கூட்டத்தில் இதை ஒரு சிக்கலாகத்தான் சொன்னேன். விற்பனைப் பிரிவில் இருந்தவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "சார், நாலு சைடும் நார்த் ஃபேஸிங்கா!" என்றார். குவாரிக்காரரும் அன்று வந்திருந்தார். அவர் விளையாட்டாகப் பேசத் தெரியாதவர். "வாஸ்துக்கு இதவிட இன்னேன் பேக்கு?" என்று பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகக் கேட்டார். வேறென்ன வேண்டும் என்று அர்த்தம். அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேர் அன்றைக்கே பணம் போட ஒப்புக்கொண்டார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். மனிதகுலம் தன் எல்லையைத் தாண்டிப் போகிற கதை இப்படித்தான் நடக்கிறது. வடக்குப் பார்த்த வாசலுக்காக.

திசையை விடுங்கள். செக்குபந்தி என்பது திசையைப் பற்றியதே அல்ல, பக்கத்து ஆளைப் பற்றியது. ஒருவன் எல்லை எங்கே முடிகிறது என்று கேட்டால், அடுத்தவனுடையது எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே என்பதுதான் பதில். அடுத்தவன் பெயரைப் போடாமல் பத்திரம் எழுத முடியாது. இது எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். தெரிந்தும், நாலு வடக்குக்கும் நேராக ஒரே வாசகத்தை எழுதினேன்: ஆளில்லாத வெளி, எவருக்கும் உரிமையில்லாதது. கீழே என் முடிவு. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன். 'அடியில் இருக்கும்வரை அது எவருக்கும் சொந்தமன்று. எடுத்த கணத்தில் எடுத்தவருக்கே முழுச் சொந்தம். அண்டையில் எவரும் இல்லாததால் பாதிக்கப்படுபவர் என்று எவரும் இல்லை.'

நன்றாக வந்திருக்கிறது என்று நானே இரண்டு தடவை படித்துக்கொண்டேன். கம்பெனியில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அதில் ஒரு வரியைப் பெரிய எழுத்தில் போட்டு, பின்னால் நீல நிறத்தில் பூமி உதிக்கிற படத்தை வைத்து, 'நமது அறம்' என்று தலைப்புக் கொடுத்து ஸ்லைடு தயாரித்தார்கள். ஒரு நட்சத்திர ஹோட்டலில் விண்வெளி அறம் பற்றிய கருத்தரங்கு நடந்தது. என்னையும் மேடையில் உட்கார வைத்தார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் மட்டும் மனிதகுலம் என்ற சொல் எத்தனை தடவை வந்தது என்று எண்ண ஆரம்பித்து அலுத்துப்போய் விட்டுவிட்டேன். மனிதகுலத்துக்கு அன்று மதியம் வந்த பனீர் டிக்கா மட்டும் நன்றாக இருந்தது.

இனி மாவுக்கார அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குவாரிக்காரரின் அபார்ட்மெண்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். கணவர் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. வீட்டின் கீழ்த்தளத்தில் நாலு கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து, எங்கள் பக்கத்து மெஸ்களுக்கும், பிஜி ஹாஸ்டல்களுக்கும், இரண்டு சின்ன ஹோட்டல்களுக்கும் கொடுத்து வந்தார். பிள்ளைகள் இரண்டு பேரையும் அந்த மாவிலேயே படிக்க வைத்து அனுப்பிவிட்டார். அரிசி கழுவ, உளுந்து ஊற, அரைக்க, கிரைண்டர் கழுவ என்று தண்ணீர் வேண்டும். காவிரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது, குடும்பத்துக்குச் சரியாகப் போகும். தொழில் முழுக்க அவர் வீட்டுப் போர்வெல்லை நம்பித்தான். கணவர் போட்டது. ஐந்நூறு அடிக்குக் கொஞ்சம் கூடுதல் ஆழம்.

அந்தக் கோடையில் ஊரே தண்ணீருக்கு அல்லாடியது. அபார்ட்மெண்டில் ஆட்கள் குடிவந்திருந்தார்கள். குவாரிக்காரர் போர் போடுகிற ரிக் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். மூன்று நாள் தெருவே அதிர்ந்தது. சாம்பல் நிறச் சேறு என் வாசல்வரை வழிந்தது. ஆயிரத்து முந்நூறு அடியில் தண்ணீர் பீறிட்டபோது தேங்காய் உடைத்து எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று வந்தது. சாப்பிட்டேன்.

பத்து நாளில் மாவுக்கார அம்மாவின் மோட்டார் வெறும் காற்றை இழுத்தது.

அவர் சும்மா உட்காரவில்லை. டேங்கர் தண்ணீர் வாங்கிப் பார்த்தார். எந்த ஊர்த் தண்ணீரோ, ஒரு நாள் ஒரு வாசனை, மறுநாள் வேறொன்று. மாவு ஒருநாள் பொங்கவில்லை, அடுத்த நாள் பொங்கி வழிந்து புளித்துப்போனது. ஒரு மெஸ்காரர் இரண்டு டிரம் மாவைத் திருப்பி அனுப்பினார். ஒரு ஹோட்டல் வேறிடத்தில் வாங்க ஆரம்பித்தது. இன்னும் இரண்டு மாதம் இப்படிப் போனால் நாலு கிரைண்டரையும் விற்றுவிட்டுப் பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதை அவர் அழுதுகொண்டு சொல்லவில்லை. என் முன்னறையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எரிச்சலோடு சொன்னார்.

"லாயர் அண்ணா, அந்த அப்பாவும் பிள்ளையும் ஒங்களுக்கு நல்லா பழக்கம். நீங்க வந்து ஒரு வார்த்த பேசுங்க. தோண்டாதீங்கன்னு சொல்லல. எனக்கும் கொஞ்சம் விட்டு வைங்கன்னுதான் கேக்கறேன்."

இரண்டு பக்கமும் தெரிந்தவன், சட்டமும் தெரிந்தவன், என்னைவிடப் பொருத்தமான ஆள் யார் என்று எனக்கே ஒரு பெருமிதம். ஃபீஸ் வேண்டாம் என்று வேறு பெருந்தன்மையாகச் சொன்னேன். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அபார்ட்மெண்டின் கீழே ஆபீஸ் அறை. அப்பா, பிள்ளை, நான், அந்த அம்மா. ஏசி ஓடியது. எல்லோருக்கும் சின்ன பாட்டிலில் தண்ணீர் வைத்தார்கள். அம்மா தொடவில்லை.

குவாரிக்காரர் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். "தாயி, போர் எங்க ஜாகாலதான் போட்டிருக்கோம். பர்மிஷன் பேப்பர் இருக்கு. ஒங்க சைட்ல நாங்க கால் வச்சோமா?"

"கால் வைக்கல. தண்ணிதான் ஒங்க பக்கம் வந்துருச்சு."

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினேன். மேலேதான் சுவர், அடியில் சுவர் கிடையாது, நிலத்தடி நீர் தெருவுக்கே பொது, ஒருவர் ஆழமாகத் தோண்டினால் அடுத்தவர் கிணறு வற்றும், இது சட்டத்துக்கு முன்னாலேயே நியாயத்தில் இருக்கிற விஷயம் என்று ஐந்து நிமிஷம் பேசினேன். நன்றாகவே பேசினேன். மாவுக்கார அம்மா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார்.

பையன் நான் முடிக்கிறவரை காத்திருந்தான். கோபமே இல்லை. டேப்லெட்டைத் திறந்து எதையோ தேடி எடுத்தான்.

"அங்கிள், ஒரு நிமிஷம். இது நீங்க எழுதுனதுதானே? 'அடியில் இருக்கும்வரை எவருக்கும் சொந்தமன்று. எடுத்த கணத்தில்...'" ஆங்கிலத்தில் முழுவதும் வாசித்தான். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. "நாங்க இத நம்பித்தான் இன்வெஸ்டர்ஸ் கிட்ட போயிருக்கோம். இந்த லாஜிக் தப்புன்னா எங்க கம்பெனியே தப்பு. தப்பா அங்கிள்?"

அவன் கேலி செய்யவில்லை. அதுதான் கொடுமை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டான்.

"என்ன படிக்கறாரு? தமிழ்ல சொல்லுங்கண்ணா" என்றார் அம்மா என்னைப் பார்த்து.

என் வாக்கியத்தை நானே அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். ஆங்கிலத்தில் அத்தனை அழகாக இருந்தது, தமிழில் சொன்னபோது வழிப்பறிக்காரன் பேசுகிற மாதிரி இருந்தது. அடியில் இருக்கிறவரை யாருடையதும் இல்லை, எடுத்தவனுக்குச் சொந்தம், பக்கத்தில் யாரும் இல்லை. கடைசி வரியைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"இத நீங்களா எழுதுனீங்க?"

"அது நிலாவுக்கு எழுதுனதும்மா. அங்க பக்கத்துல யாரும் கெடையாது."

"இப்ப கெடையாது. நாளைக்கி வரவன் குழிய எட்டிப் பாத்தா என்ன இருக்கும்?"

அவருக்கு ஆத்திரம் ஏறிவிட்டது.

"நாங்க இந்தத் தெருவுக்கு வந்தப்ப இந்த அபார்ட்மெண்ட்டும் இல்ல, இவங்களும் இல்ல. பக்கத்துல ஓட்டு வீடுதான், அதுல ஒரு கெழவரு. காலைல நாலு மணி நேரம் மோட்டார் போட்டு நிறுத்திருவோம். அதுக்கு மேல இழுத்தா மத்தவங்களுக்குக் கொறையும்னு வீட்டுக்காரர் சொல்லுவாரு. அப்ப நாங்களும் ஆயிரத்தி முந்நூறு அடி போட்டு எல்லாத்தையும் எடுத்திருந்தா, இவங்க இங்க வந்து மண்ணைத்தான் தோண்டியிருப்பாங்க. என்னமோ எனக்காகப் பேசறீங்கன்னு ஒங்களப் போயிக் கூட்டிட்டு வந்தேன் பாருங்க, என்னச் சொல்லணும்."

முப்பது வருடத்தில் கோர்ட்டிலும், ரிஜிஸ்டிரார் ஆபீஸிலும் எத்தனையோ பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும்போல இருந்தது அன்றுதான். ஆனால் பிடுங்கிக்கொள்ளவில்லை. பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன்.

குவாரிக்காரர் உலகம் தெரிந்தவர். மகனைப்போல தர்க்கம் பேசுகிறவர் இல்லை. "சரி தாயி, சண்ட எதுக்கு? எங்க போர்ல இருந்து ஒங்களுக்கு ஒரு பைப் போட்டுத் தரேன். சுவர் மேலயே வரட்டும். டைம் வச்சு விடறோம். மாசாமாசம் ஏதோ ஒண்ணு குடுத்துடுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "சார் ஒரு அக்ரிமெண்ட் போட்டுட்டா ரெண்டு பேருக்கும் நல்லது."

நான் போட மாட்டேன் என்றேன். அந்த அம்மா எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கம்பெனிக்கு மெயில் எழுதினேன். என் ஒபினியனை வாபஸ் வாங்குகிறேன், பின்னால் வரப்போகிறவர்களின் உரிமையை நான் கணக்கில் எடுக்கவில்லை, அண்டையில் எவருமில்லை என்பது சட்டமாகவும் நிற்காது, நியாயமாகவும் நிற்காது என்று மூன்று பக்கம். மீன் முட்டை போடும் என்பதையும் சேர்த்தேன். ஏதோ சிலுவையைச் சுமந்துவிட்டவன்போல மூச்சு வாங்கியது. 'நோட்டட் அங்கிள், தேங்க்ஸ்' என்று பதில் வந்தது, கூடவே கும்பிடுகிற பொம்மை ஒன்று. இரண்டு வாரத்தில் கம்பெனியின் வெப்சைட்டில் புது ஒபினியன் வந்துவிட்டது. வேறு வக்கீல், வேறு சீல், அதே வாக்கியங்கள். 'நமது அறம்' ஸ்லைடில் 'வருங்காலத் தலைமுறையின் நலன் கருதி' என்று ஒரு வரி கூடியிருந்தது. என் மூன்று பக்கத்துக்குக் கிடைத்த மகசூல் அது. என் மனசாட்சி விழித்ததால் நிலாவில் ஒரு கல்கூட அசையவில்லை.

அந்த இரண்டு வாரத்தில் இன்னொரு மெஸ்ஸும் மாவு வாங்குவதை நிறுத்தியது. மாவுக்கார அம்மா ஒருநாள் காலையில் நேராக முன்னறைக்கு வந்தார். உட்காரவில்லை. கையில் மாவு காய்ந்திருந்தது.

"பைப்புக்கு ஒத்துக்கிட்டேன். நாளைக்கே போடறாங்களாம். அக்ரிமெண்ட் எழுதிக் குடுங்க."

"நான் எழுதறது சரியா இருக்காதும்மா. வேற நல்ல வக்கீலா சொல்றேன். காசு நான் குடுத்துடறேன்."

"வேற ஆளு எதுக்கு? நீங்களே எழுதுங்க. ஒங்களுக்குத்தான் இது நல்லா வருது."

குத்திக் காட்டுவதற்காகச் சொன்னாரா, உண்மையாகவே அப்படி நினைத்துச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியமில்லை.

உட்கார்ந்து எழுதினேன். தண்ணீரை விற்பதாகப் போட்டால் குவாரிக்காரருக்குப் பிற்பாடு தொந்தரவு வரலாம். அதனால் விலை என்ற சொல்லை எடுத்துவிட்டு 'பராமரிப்புப் பங்களிப்பு' என்று போட்டேன். எந்நேரமும் காரணம் சொல்லாமல் நிறுத்திக்கொள்ள முதல் தரப்பாருக்கு உரிமை உண்டு என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டும் என்று நான் சேர்த்தேன். என்னால் முடிந்த நீதி அவ்வளவுதான். தண்ணீர் யாருடையது என்பதையும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் நிற்காது. சொன்னேன்.

பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்துக் காட்டினேன். நடுவில் கை நீட்டி நிறுத்தினார்.

"தண்ணி அவரோடதுன்னு எழுதியிருக்கீங்களே, அந்த வரி எது?"

விரலை வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் அந்த ஆங்கில எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை வாங்கி, கீழே தன் பெயருக்கு நேராக நான் பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில், தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். உளுந்து ஊற வைக்கத் தண்ணீர் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.